இணைப்பு எண்

காவேரிப்பட்டினத்தில் காவேரி கிடையாது.
ஓடுவது தென்பெண்ணை; அதுவும் பங்குனியில்
மணலுக்கு நடுவே ஒரு வேட்டிக்கரை அகலம்.
பட்டினம் என்றால் கடலோர ஊராம்.
கடலும் கிடையாது.
பெயரில் உள்ள இரண்டு தண்ணீரும் இல்லாத ஊருக்கு
ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு
இருபத்தொரு பேர் வேனில் வந்து இறங்கினார்கள்,
பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பார்க்க.
தலைக்கு முந்நூற்றைம்பது, நிப்பட்டுப் பொட்டலம் உட்பட.

வழிகாட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
வரலாறு எனக்குத் தெரியாது.
பத்தொன்பது வருடமாக மீட்டர் கணக்கெடுக்கிறேன்.
எந்த வீட்டு நாய் கடிக்கும்,
எந்த வீட்டில் பின்கதவைத் தட்டவேண்டும்,
எந்தப் பெரிய வீட்டில் இரண்டு மாதத்துக்கு
நாற்பது யூனிட்கூட ஓடுவதில்லை
என்பதெல்லாம் தெரியும்.

முதல் வீடு சுப்பராயலு செட்டியாருடையது.
தேக்குத் தூண் பதினாறு. எண்ணிப் பார்த்தார்கள்.
நான் காட்டியது
ஏழாவது தூணில் ஆணியடித்து மாட்டிய
பீங்கான் ஃபியூஸ் கட்டையை.
"ஊரில் முதல் பல்பு எரிந்தது இங்கேதான்" என்றேன்.
உண்மையா தெரியாது.
எங்காவது எரிந்திருக்கத்தானே வேண்டும்.

இரண்டாம் வீட்டில் அண்ணன் தம்பி வழக்கு.
கூடத்தின் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர்,
ஒரு கூரைக்கு இரண்டு மீட்டர்.
ஒரே டிக்கெட்டில் இரண்டு பக்கமும் பார்க்கலாமா
என்று ஒருவர் கேட்டார்.
சுவரின் இரண்டு பக்கத்திலிருந்தும்
ஒரே குரலில் பதில் வந்தது: "கூடாது."
பத்து வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது
அன்றைக்குத்தான்.

தோட்டம் மூன்றாம் வீட்டில்,
ஆற்றை ஒட்டி நாலு ஏக்கர்.
செந்தூரா முந்திக்கொண்டு பிஞ்சு விட்டிருந்தது,
நீலம் இன்னும் பூவில்.
காற்றடித்தால் பொடிபொடியாய் உதிர்ந்து
சட்டைக்குள் போய் அரிக்கும்.
தோட்டம் பார்க்கும் மாதையன்
ஒவ்வொரு மரத்துக்கும் வயது சொன்னார்;
எந்த வருடம் யாரிடம் அடமானம் போனது
என்பதையும், யாரும் கேட்காமலே.

அங்கேதான் அந்த அம்மா கேட்டார்:
"கடல் எந்தப் பக்கம்?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
பெயர் ஆரியமாலா. நாகப்பட்டினம்.
ஐஸ் ஃபேக்டரியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.
மகன் ஓசூரில் லேத் வேலை. அவன்தான்
"கடலோர வீடும்மா, போய்ட்டு வா" என்று
டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.
ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாந்தானோ,
அம்மாவை வெளியே கிளப்ப ஒரு பொய்யோ.

கிழக்கே கை காட்டினேன்.
"ஆற்றோடு போனால் கடலூர்."
"எவ்வளவு தூரம்?"
"இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது."

சரி என்று தலையாட்டினார்.
ஆற்றுப்பக்கச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தை
விரலால் தடவிக்கொண்டே போனவர்
நின்று, நகத்தால் சுரண்டினார்.
வேகாமல் தப்பிய ஒரு கிளிஞ்சல் துணுக்கு,
பால்பல் போல.
இந்தப் பக்கமெல்லாம் கல்சுண்ணாம்புதான்;
இது எப்படி வந்ததென்று மாதையனுக்கும் தெரியவில்லை.
"நீ எப்படி வந்தே?" என்றார் ஆரியமாலா,
சுவரைப் பார்த்து.

"உங்கள் வீடும் பழசா?"
கேட்டிருக்கக் கூடாது.

"இருந்துச்சு. அக்கரைப்பேட்டைல.
வாசல்ல ரெண்டு புன்னை."
ஒரு மாம்பிஞ்சைக் குனிந்து எடுத்தார்.
"அன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதான்."

நல்ல மனிதர்கள் இந்த இடத்தில்
ஏதாவது சொல்வார்கள்.
எனக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம்
வாய்க்கு வந்தது:
"சர்வீஸ் நம்பர் என்ன?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்தேன்.
அவரோ யோசிக்கவேயில்லை.
வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல்
நடுவில் ஒருமுறை மட்டும் மூச்செடுத்து
முழு எண்ணையும் சொன்னார்.
பிறகு,
"ஒரு பில்லு பாக்கி இருக்கு.
அறுபத்திரண்டு ரூபா.
யாரும் கேட்டு வரல."

டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
எதற்கென்று தெரியவில்லை.
வேன்காரன் ஹார்ன் அடித்தான்.
நாலாம் வீட்டில் நாய் உண்டு என்று
இருபத்தொரு பேருக்கும் நான் சொல்லவேண்டியிருந்தது.