ஈரமணல்

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.
மேற்கே துறைமுகச் சுவர், பட்டால் நான்கு.
கிழக்கே வலை காயும் கம்பங்கள், அதுவும் நான்கு.
தெற்கே கடல்.
நேராக ஈரமணலில் விழுந்தால் ஆறு.
பிடிக்கிறவன் ஈரத்தில் நின்றால் பிடி செல்லாது, ஆறுதான்.
டாஸ் போடும்போது இரண்டு பக்கமும் தலையாட்டினோம்.
கடலை யாரும் கேட்கவில்லை.

தடைக்காலம். மூக்கையூரில் விசைப்படகெல்லாம்
வைக்கோல் தீர்ந்த மாடு மாதிரி கட்டிக் கிடந்தன.
இறுதி ஆட்டம், கடைசிப் பந்து,
எங்களுக்கு ஐந்து வேண்டும்.
பரிசு பத்தாயிரமும் ஒரு கிடாயும்.
கிடாயை ஸ்கோர் எழுதும் மேசைக்காலில் கட்டியிருந்தார்கள்.
நோட்டின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

நான் சாயல்குடி. கரிமூட்டத்தில் லோடு ஏற்றுகிறவன்.
என் மட்டையைத் தொட்டவன் கை கறுக்கும்.
பந்து போட வந்தவன் நிஸ்தார்,
வாலிநோக்கத்திலிருந்து அவர்கள் இரவல் வாங்கிய வேகம்.
காலடியில் குத்தப் பார்த்தான், கொஞ்சம் முன்னால் விழுந்துவிட்டது.

நடுமட்டையில் பட்டால் கைக்குத் தெரியாது.
தெரியவில்லை.
பந்து தெற்கே ஏறியது,
கோயில் உச்சிச் சிலுவைக்கும் மேலே,
பருந்துக்குக் கொஞ்சம் கீழே.
நான் ஓடவில்லை. எதற்கு ஓட?
மட்டையைத் தோளில் சாய்த்து வேடிக்கை பார்த்தேன்.

அவன் கிளம்பியது எனக்குச் சிரிப்பாக வந்தது.
ஜெரோன் என்று பேர்.
அதுவரை நண்டுவளையில் கட்டைவிரலை விட்டு
நோண்டிக்கொண்டு நின்றவன்,
பந்துக்கு முதுகைக் காட்டி
ஓடினான், அதுவும் கோணலாக.
பாசி காயும் தார்ப்பாயை ஒரே தாவல்.
ஐஸ்பெட்டி குறுக்கே வர அதன் மேலேயே ஒரு மிதி.
காக்கைகள் எழுந்தன.
கூடவே ஓடிய நாய் ஒன்று
பாதியில் வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

எனக்குக் காற்று என்றால்
மூட்டத்துப் புகை எந்தப் பக்கம் கண்ணைக் கரிக்கும்,
அவ்வளவுதான்.
அவனுக்கு அது கச்சான்.
நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்த இடத்துக்கு
நாலு பாகம் கிழக்கே தள்ளி,
காற்று என் பந்தைக் கொண்டுவந்து
வைக்கப்போகும் இடத்துக்கு
அவன் முன்கூட்டியே போய்க்கொண்டிருந்தான்.
உச்சியில் பந்து ஒரு நொடி யோசித்தது.
ஆறு என்று கிளம்பியது,
அங்கே போய்க் கூச்சப்பட்டது.

ஒரே ஒருமுறை கழுத்தைத் திருப்பினான், இடது தோளுக்கு மேலே.
பிறகு கை.
ஓடும் பேருந்தில் கூட்டத்துக்கு நடுவே
நடத்துநரிடம் மீதிச் சில்லறை வாங்குவது போல
நீட்டினான், அவ்வளவு அலட்சியம்.
டென்னிஸ் பந்து உள்ளங்கையில் துள்ளும்.
துள்ளியது. விரல்நுனி வரை போய்
மனம் மாறித் திரும்பியது.
அவனால் நிற்க முடியவில்லை.
முழங்காலால் மணலை உழுதுகொண்டே போய்ச்
சரிந்தான்.

அப்போதுதான் அந்த அலை வந்தது.
கழற்றிப்போட்ட செருப்பைக்கூட நகர்த்தாத அலை.
அவன் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனது.

ஆறு என்றார்கள் எங்கள் ஆட்கள்.
அவன் எங்கே தண்ணிக்குப் போனான், தண்ணிதானே வந்தது
என்றார்கள் அவர்கள்.
அம்பயர் பிலவேந்திரன், மீன் ஏலக்காரர்,
மூன்று தரம் கூவி எதையும் முடித்துவிடுகிற மனிதர்,
ஒரு தரம்கூட வாய் திறக்காமல்
தடம் பார்க்க நடந்தார்.
பாதி வழியில் இருக்கும்போது
அடுத்த அலை தடத்தைத் துடைத்தது.

ஜெரோனைக் கேட்டார்கள்.
காலை யார் பார்த்தா, என்றான்.
இன்னும் மூச்சு வாங்கியது. பந்தை விடவில்லை.

கடைசியில் என்னைக் கேட்டார்கள்.
கத்தாமல் நின்ற ஒரே ஆள் நான்தான்.
நாக்குநுனியில் ஆறு ரன் இருந்தது.
கிடா என்னைப் பார்த்தது, அல்லது எனக்குப் பின்னால் எதையோ.

இன்னொரு தரம் ஓடச் சொல்லுங்க, என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.
நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.