ஒரு மணிக்கு உச்சி

ஈரப்பதம் எண்பத்தெட்டு.
இன்று ப்ரைமர் அடிக்க முடியாது.
அடித்தால் ஈட்டிக்காரர் இருபது பேர் மேலும்
மாவு பூத்துவிடும்,
மிக்ஸி மூடி கழன்ற அடுப்படிபோல.
போன டிசம்பரில் ஒரு படையை அப்படித்தான் இழந்தேன்,
ஓர் அம்புகூடப் பறக்காமல்.

செங்காங்கில் பதினோராம் மாடி.
மழைக்கும் மழைக்கும் நடுவே
கால்மணி நேரம் காய்ந்த காற்று வரும்.
அட்டைப்பெட்டியோடு தாழ்வாரக் கோடிக்கு ஓடுவேன்.
மேடம் குவெக் தன் துணிக்கழியை
உள்ளே இழுத்துக்கொள்வார்.
ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் சொல்வது.

முதலில் முழுக்கக் கறுப்பு.
பிறகு நேர் மேலிருந்து வெள்ளை, ஒரே வீச்சு.
வெயில் விழக்கூடிய இடமெல்லாம் வெளுக்கும்:
தலைக்கவசம், தோள், மூக்கு நுனி.
தாடைக்குக் கீழே ராத்திரி அப்படியே நிற்கும்.

இந்த ஊரில் உச்சி பன்னிரண்டுக்கு அல்ல,
ஒரு மணிக்கு.
கடிகாரத்தை யாரோ முன்னே தள்ளிவைத்தார்கள்;
சூரியன் இன்னும் அதற்கு ஒப்பவில்லை.
மார்ச்சு மாதக் கடைசியில்
சாப்பிட இறங்கும்போது
என் நிழல் என் செருப்புக்கடியில் கிடக்கும்.
அதை மிதித்துக்கொண்டே போய்
மீன் சூப் வாங்குகிறவள்
இரவில் உட்கார்ந்து நிழல் தீட்டுகிறாள்.
வாஷ் ஒரு சொட்டு விட்டால் போதும்,
தானே பள்ளம் தேடி ஓடும்:
ஆடை மடிப்பு, விரலிடுக்கு, உதட்டோரம்.

பகலில் பல் தீட்டுகிறேன்.
நிஜமாகத்தான். ஊபியில் பல் ஆய்வகம்.
பீங்கான் பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் நிறம்:
முப்பது வருஷக் கோப்பியின் மஞ்சள்,
நுனியில் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவு நீலம்.
நன்றாக அமைந்தால் யாருக்கும் தெரியாது.
அது எனக்குப் பழகிவிட்டது.
ஆனால் பதினோராவது இரவு,
மணிக்கட்டை மேசையில் ஊன்றி,
இரண்டு நாடித்துடிப்புக்கு நடுவே
கொடிக்காரனுக்குக் கண் திறந்தபோது
(முதலில் மாறுகண், அடுத்து திடுக்கிட்டவன்,
மூன்றாவதில்தான் ஆள்)
யாராவது பார்த்தால் தேவலை என்றிருந்தது.

அப்புறம் அவன் நிற்க ஓர் இடம்.
கடை டப்பாக்களில் இருப்பதெல்லாம் வடதேசம்:
பனித்தூள், உறைந்த புல், வெளிறிய பாசி.
நான் பனியைத் தொட்டது
குளிர்பெட்டியைச் சுரண்டும்போது மட்டும்.
தங்கை புதுவீட்டுச் சாவி வாங்கிய அன்று
தெங்காவில் வேலியோரம்
லாரிச் சக்கரம் உதறிய செம்மண்,
டிஷ்யூ தாளில் ஒரு பிடி.
கோந்தில் குழைத்துப் பூசினேன்.
தே-ஓ வடித்த தேயிலையைக் காயவைத்தால்
அசல் காட்டுச் சருகு.
விளிம்புக்குக் கறுப்பு, கை எடுக்காமல் ஒரு சுற்று.
என் நிலம் இங்கே முடிகிறது.
இனி மேசை.

சனிக்கிழமை, பாயா லேபார், கடை மாடி.
எதிரே இஸ்கந்தர்.
அவன் படை முழுக்கச் சாம்பல் பிளாஸ்டிக்,
அச்சுக்கோடுகூடச் சுரண்டவில்லை.
ரிசர்விஸ்ட் முடிந்து நேராக வந்திருந்தான்,
காதோரம் இன்னும் பச்சைச் சாயத்தோடு.
அவன் பக்கத்தில் வண்ணம் ஏறிய சிப்பாய்
அவன் ஒருவன்தான்.

முதல் சுற்று. பகடை: ஆறு, ஆறு, ஐந்து.
கொடிக்காரன் போய்விட்டான்.
புதிதாகத் தீட்டியவன்தான் முதலில் சாவான்;
எந்த விதிநூலிலும் இல்லை,
எல்லா மேசையிலும் உண்டு.

இரண்டு விரலால் தூக்கிய இஸ்கந்தர்
ஓரமாக வைக்கவில்லை.
கைபேசி வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தான்.
காலடியை மூக்கருகே கொண்டுபோனான்.
"இந்த மண் எனக்குத் தெரியும்லா.
பத்து நாளா இதுலதான் குழி வெட்டினேன்."

கையை விரித்துக் காட்டினான்.
குளித்த கைதான்.
நகக்கண்ணில், ரேகையில்,
பள்ளங்களில் மட்டும்
சிவப்பு.