ஜாமீன் கையெழுத்து

வெள்ளம் வடிந்த மறுநாள்
மங்களேஸ்வரி கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்தாள்.
காலில் சேறு, கையில் பாஸ் புத்தகம்.
முக்கால் ஏக்கர் மிளகாய்
நாலு நாள் தண்ணீரில் நின்று
வெந்த கீரை மாதிரி கிடக்கிறது என்றாள்.
அழவில்லை.
விலை விசாரிக்கிறவள் குரலில் சொன்னாள்.

நாலாயிரம் வெள்ளி.
நாற்றுக்கு, உரத்துக்கு, ஒரு பம்புக்கு.
பாரத்தை எடுத்து வைத்தேன்.
இந்த மேசையில் எனக்கு இருபத்தோரு வருஷம்.
பால்மரம் போய்ச் செம்பனை வந்தது,
மேனேஜர் பங்களாவுக்குள்
கூடு விற்பதற்காகக் குருவி வளர்க்கிறார்கள்.
மாதம் பத்து வெள்ளி சந்தா மட்டும்
அதே பத்து வெள்ளி.

ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் கோயில் செயலாளர் தேவராயன்.
தீமிதிக்கு வாங்கிய ஜெனரேட்டரையும்
காய் பறிக்கும்வரை வைத்துக்கொள் என்றுவிட்டார்.
பீடோர் சந்தைக்குக் காய் ஏற்றும் ஆ ஹெங்
தானும் போடுகிறேன் என்று பேனா கேட்டான்.
நீ அங்கத்தினர் இல்லையே என்றேன்.
அப்படியென்றால் லோரி வாடகை பிறகு, என்று
பாதி மலாயில் பாதி தமிழில்
அவளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

இன்னொருவருக்குத்தான் ஆளில்லை.
எல்லார் பாத்தியும் நனைந்திருந்தது.
ஒரு கடனுக்குப் போட்ட கை
அது தீரும்வரை மறு கடனுக்குப் போடக்கூடாது.
விதி. நான்தான் தட்டச்சு செய்தேன்.

மூன்று மணிக்கு அங்கமுத்து வந்தார்.
எல்லை ஓடைக்காக
நில அலுவலகம் வரை அவளை இழுத்தவர்,
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்:
"போன கடன் கட்டினாளா?"

பேரேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
முப்பத்தாறு மாதம், முப்பத்தாறு முத்திரை.
ஒன்று மட்டும் இரண்டு நாள் பிந்தி,
அவள் புருஷன் போன வாரம் அது.
அந்த வரியில் அவர் விரல்
கொஞ்சம் நின்றது.

போட்டார்.
"ஓடை என்னுதுதான். அதையும் எழுதிக்கோ."
"அதுக்கு இதுல கட்டம் இல்லண்ணே."

வாசலில் அவள் நின்றிருந்தாள்.
அவர் குடையை விரித்தார்.
அவளைப் பார்க்காமல்,
ஆனால் அவளுக்குக் கேட்கிற மாதிரி
என்னிடம் சொன்னார்:
"பம்பை மேட்டுல வைக்கச் சொல்லு.
தண்ணி எப்பவும்
என் பக்கந்தான் முதல்ல ஏறும்."