ஆறு இலக்கங்கள்

மிசிசாகா, டிக்சி வீதி, அதிகாலை மூன்று பத்து.
விமானமே தெரியாத யன்னலில்லா அறையிலிருந்து
விமானக் கொம்பனிக்கு வேலை செய்கிறேன்.
கடவுச்சொல் மறந்தவர்களுக்கு
நான்தான் கதவு.

அன்று அழைத்தவன் துணைவிமானி என்றான்.
ஓவன் டெலிசில். ஊழியர் இலக்கம் பிசகவில்லை.
என் மேலாளரின் பெயர் தெரிந்திருந்தது,
அவருடைய முழங்கால் சத்திரசிகிச்சைகூட.
கைபேசி ரெஜைனாவில் பனிக்குள் விழுந்துவிட்டதாம்,
ஆறு இலக்கக் குறியீடு வர வழியில்லையாம்,
ஐந்தரைக்குப் பறப்பாம்.
பின்னால் ஒரு குழந்தை அழுதது.
"கொஞ்சம் பொறு செல்லம்" என்றான்,
என்னிடமல்ல, அதனிடம்.
அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

குறியீட்டைத் தாண்டிப்போக
எனக்கென்று ஒரு பொத்தான் இருந்தது.
அமத்தினேன்.
"கடவுள் உன்னைக் காக்கட்டும்" என்றான்.
நாலு வருசத்தில் ஒருவரும்
அப்படிச் சொன்னதில்லை.

நாற்பத்தோராயிரம் பேரின் கடவுச்சீட்டு இலக்கங்கள்,
யாருக்குச் சக்கரநாற்காலி,
யாருக்கு உப்பில்லாச் சாப்பாடு,
யார் யாரோடு பக்கத்து இருக்கை கேட்டார்கள்,
எல்லாம் போயிற்று, விடிவதற்குள்.

விசாரணையில் ஒலிப்பதிவைத்
திருப்பித் திருப்பிப் போட்டார்கள்.
பதினொரு நொடிக்கு ஒருமுறை
அந்தக் குழந்தை
அதே மூச்சில் அதே இடத்தில்
விக்கி அழுதது.

அறிக்கையில் என் பெயர் இல்லை.
மனிதக் காரணி என்று இருந்தது.
வேலை போகவில்லை.
பொத்தானை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

நேற்று மரியேல் புஷே, விமானப் பணிப்பெண்,
சென் ஜோன்ஸ் விடுதியொன்றிலிருந்து.
கைபேசி குளியல்தொட்டிக்குள் விழுந்துவிட்டதாம்.
அழத் தொடங்கினாள்.
நான் நொடிகளை எண்ணினேன்.
ஒன்பது. பதினொன்று. பதினாறு.
இந்த அழுகை எங்கேயும் திரும்பி வரவில்லை,
மூக்குச் சிந்தினாள், இருமினாள்,
பிரெஞ்சில் என்னை ஏசினாள்.
ஆனாலும் சொன்னேன்:
மேலாளர் எழும்பட்டும்.

அவர் ஆறுமணிக்கு எழும்பினார்.
அவள் அவளேதான்.
பறப்பு அவளில்லாமல் போயிருந்தது.

இன்றிரவு திரையோரத்தில் ஒரு மின்னஞ்சல்,
"பாராட்டுகள்" என்று தலைப்பு,
பக்கத்தில் சின்ன நட்சத்திரம்.
திறக்கப் போனேன்.
ஆறு இலக்கம் கேட்டது.

என் கைபேசி கோட்டுப் பைக்குள்.
கோட்டு காருக்குள்.
கார் பனிக்குள்.
உதவி தேவையா என்று கீழே ஓர் எண்.
இந்த நேரத்தில் அதற்கு அடித்தால்
நான்தான் எடுப்பேன்.