கிலோமீற்றருக்கு நூற்றிருபது

பரந்தன் சந்தியில் ஏறினார்கள், மூன்று பேர்.
கையில் மடித்த வரைபடம்;
எங்கட றோட்டுக்கு அதில் பச்சைக் கோடு.
"காட்சிப் பாதை" என்றாள் அந்தப் பெண்,
தமிழை ஒவ்வொரு எழுத்தாய் ஊதி ஆறவைத்து.

ஏசி போட்டேன்.
தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு.
காப்பெற் றோட்டில் ஒன்றேகால் மணித்தியாலம்.
நாங்கள் இதே தூரத்தைத்
தையில் தொடங்கி வைகாசியில் முடித்தோம்.
சொல்லவில்லை.
அவர்கள் கேட்டது மயிலைப் பற்றி.
மயில் கனக்க நிக்கும் என்றேன். அது உண்மைதான்.

நந்திக்கடலில் இறங்கிப் படமெடுத்தார்கள்.
தண்ணீர் முழங்காலுக்கும் காணாது.
நாரைகள் சேறு பார்த்து நடந்தன.
"இங்கே என்ன நடந்தது?"
கல்வெட்டுப் பக்கம் கைகாட்டினேன்.
எழுத்துப் பிழையோடு என் மொழியும் அதில் உண்டு.

திரும்புகையில்
வட்டுவாகல் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம்,
தலையில்லாத ஒற்றைப் பனை.
அதனடியில்தான் சுகிர்தா
தையல் மெஷினைத் தாட்டாள்;
தன் கூறைச்சேலையையும் வெட்டி
மண்மூட்டை தைத்த மெஷின்.
"பிறகு வந்து எடுப்பம்."
பிறகு வந்தது நான் மட்டும்.
அந்த இடத்தில் கியர் மாற்றுவேன், எப்போதும்.
மேடு ஒன்றுமில்லை.

பொழுதுபட, சந்தியில் கணக்கு.
நூற்றுப் பத்துக் கிலோமீற்றர்.
பாலத்திலிருந்து பனைவரை
ஒன்று தசம் நாலு. கழித்தேன்.

"அண்ணா, கணக்குப் பிழை.
உங்களுக்குத்தான் நட்டம்," என்றாள் அந்தப் பெண்,
போனில் பெருக்கிக் காட்டி.

ஓம், என்றேன்.