விடுபட்ட மதிப்பு

முஃபுலிரா. பதினோராம் வகுப்பு, வேதியியல்.
அறுபத்திரண்டு பேருக்கும் நான் நீட்டிய தாளில்
நான்கு பெட்டிகள்:
பார்த்து, கேட்டு, படித்து, செய்து.
எப்படிக் கற்பது பிடிக்கும்? ஒன்றில் மட்டும் குறியிடு.

நாற்பத்தொரு பேர் 'செய்து' என்றார்கள்.
பள்ளியில் இருப்பது ஒரே ப்யூரெட்.
அலமாரி பூட்டியிருக்கிறது,
சாவிக்காரர் லுசாகா போயிருக்கிறார்.
"தொட்டதுண்டா?" என்றேன் நமுச்சானாவிடம்.
"இல்லை. ஆனால் பிடிக்கும்."
கடலில்லாத நாடு எங்களுடையது.
கடல் பிடிக்குமா என்றாலும்
இதே வேகத்தில் சொல்லியிருப்பாள்.

கசோன்டே எதிலும் குறியிடவில்லை.
ஓரத்தில் பென்சிலால்: மூக்கால்.

குறும்பு என்றுதான் நினைத்தேன்.
பிறகு அவன் எழுந்து, யாரையும் கேட்காமல்,
ஜன்னல்களைச் சாத்தினான்.
திருமதி கபம்ப்வே சமன்பாட்டை நிறுத்தவில்லை.
அரை நிமிடம் கழித்துத்தான்
தாமிர உருக்காலையின் காற்று வந்தது,
வகுப்பு மொத்தமும் இருமியது,
நானும்.

தேர்வில் கேட்டிருந்தார்கள்:
கந்தக டை ஆக்சைடை எவ்வாறு கண்டறிவாய்?
டைகுரோமேட் தாள் ஆரஞ்சிலிருந்து பச்சையாகும்,
இரண்டு மதிப்பெண்.
அவன் எழுதியிருந்தான்:
தொண்டையில் ஆணி இறங்கும்.
அம்மா துணியை நனைத்துக்
கதவிடுக்கில் திணிப்பாள்.
கீரைப் பாத்தி இரண்டு நாளில் வெளுக்கும்.
பூஜ்ஜியம். விடைக்குறிப்பில் கீரை இல்லை.

விருப்பத்துக்கும் மதிப்பெண்ணுக்கும்
தொடர்பு தேட வந்தவன் நான்.
பெட்டி காலியாக இருந்தால்
கணினியில் 99 என்று இடவேண்டும்.
இட்டேன்.

பேருந்து கிட்வே தாண்டும்வரை
இருமல் நிற்கவில்லை.