ஒன்று, இரண்டு, இரண்டு

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குப்
பள்ளிக்கூட வாசலிலேயே கை நீட்டிவிடுவாள் குழலி.
இரண்டு டாலர்.
ஒரு டாலரைவிட இது ஏன் குட்டியாய் இருக்கிறது என்று
வந்த புதிதில் சண்டை போட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.
ஷெப்பர்டனில் எங்களுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது.

பழக் கம்பெனியில் எனக்கு இரவு வேலை.
பேரிக்காய் டின்களுக்கு மூடி சரியாக விழுந்ததா
என்று பார்க்க வேண்டும்.
எத்தனை முறை கழுவினாலும் விரலில் பாகு.
காலையில் முகர்ந்து பார்த்து
"அப்பா கை ஜாமூன்" என்பாள்.

மில்க் பார் என்று பெயர்.
பாலைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.
முன்னால் முழுக்கக் கண்ணாடி, உள்ளே மிட்டாய்:
பச்சைத் தவளை, மஞ்சள் வாழைப்பழம்,
ஈறோடு கழன்று வந்த பல்வரிசை,
அப்புறம் பாம்பு.
பாம்பென்றால் படையும் நடுங்கும்.
இவள் வாலிலிருந்து ஆரம்பிப்பாள்.
தலையைக் கடைசிவரை கையில் வைத்துக்கொண்டு
அதனிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் தின்பாள்.

கடைக்காரி த்ரித்தா.
தோளுக்கும் காதுக்கும் நடுவே எப்போதும் போன்,
அந்தப் பக்கம் யாரோ,
இவள் அல்பேனிய மொழியில் அவர்களைத் திட்டிக்கொண்டே
காகிதப் பையை உதறி
இடுக்கியால் எண்ணிப் போடுவாள்.
இரண்டு டாலருக்குப் பத்து.
ஒன்று. இரண்டு. இரண்டு. மூன்று.
நான்கு. நான்கு. நான்கு. ஐந்து.

போன் கவனத்தில் தவறுகிறாள் என்றுதான் நினைத்தேன்.
எதற்கு வம்பென்று
ஐம்பது காசு கூடுதலாக வைத்தேன்.
பேச்சை நிறுத்தாமலே
ஒற்றை விரலால் அதை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஜூலையில் குழலியின் வகுப்பு இருபதுவரை போய்விட்டது.
கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றவள்
"நோ. த்ரீ" என்றாள்.

ரொட்டியோடு காத்திருந்த அம்மாள் திரும்பினார்.
ஆரஞ்சுச் சட்டைப் பையன் திரும்பினான்.
வீட்டுக்கு வெளியே என் மகள்
சத்தமாகச் சொன்ன முதல் ஆங்கிலம் அது.
எனக்குப் பெருமையாகவும் இருந்தது,
தரையைப் பார்க்கவும் தோன்றியது.

த்ரித்தா போனுக்குள், இரு, என்றிருப்பாள் போல.
இடுக்கியை நீட்டினாள்.
"எனக்குக் கணக்கு வராது. நீயே எண்ணு."

குழலி எண்ணினாள்.
நாக்கைக் கடித்துக்கொண்டு,
ஒன்றும் தாண்டாமல், ஒன்றும் திரும்பாமல்,
பத்து.
"சரியா?"
"சரி."

தெருவுக்கு வந்து பைக்குள் பார்த்தாள்.
நடைபாதையிலேயே உட்கார்ந்து கொட்டி எண்ணினாள்.
குளிர்காற்றில் ஒரு தவளை உருண்டு ஓடியது.
"சரியாத்தான்பா எண்ணினேன்,"
உதடு பிதுங்க ஆரம்பித்தது,
"அப்புறம் ஏன் குறையுது?"

நான் என்ன சொல்வது.
தவளையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வெள்ளி
த்ரித்தா இடுக்கியை எடுத்ததும்
இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.
இரண்டு. இரண்டு.
பொத்திய கைக்கு மேலே
கண் மட்டும் என்னைத் தேடி வந்தது.
ஆறு. ஆறு.
த்ரித்தா போனில் யாரையோ
முன்னைவிடச் சத்தமாகத் திட்டினாள்.

அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது
சும்மாதான் கேட்டேன்,
அப்பாவுக்கு ரெண்டு குடேன்.
குழலி எழுந்து போனாள்.
டிவி ரிமோட்டைத் தோளில் சொருகிக் கன்னத்தால் அழுத்தி
யாரையோ உர்ரென்று அதட்டிவிட்டு
என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.
ஒன்று.
இரண்டு.
இரண்டு.

ராத்திரி இரண்டு மணி இடைவேளை.
இயந்திரம் நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.
டப்பாவின் மூடியைத் திறந்தேன்.
தயிர்சாதத்தின் ஓரத்தில் மூன்று பாம்பு.
ஒன்றுக்கு வால் இல்லை.